எட்டு வருடத்து ஃபைபரைப் பிடுங்கிப் போட வேண்டுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மூன்று மாடி விடுதி நடத்துகிறீர்கள். எட்டு வருடத்துக்கு முன் கட்டடம் முழுக்க ஃபைபர் இழுத்திருக்கிறீர்கள். இப்போது ஒருவர் வந்து, "இது பழைய தலைமுறை ஃபைபர், 10 ஜிகாபிட் இதில் போகாது, மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் புதுசு போட வேண்டும்" என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கூடவே, 'ஹாலோ கோர்' என்று ஏதோ புது ஃபைபர் வருகிறதாமே, அதற்குக் காத்திருக்கலாமா என்றும், இதையெல்லாம் செய்கிற கம்பெனிகள் எவை, எல்லாமே சீனாவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சுவருக்குள் கிடக்கும் கண்ணாடி காலாவதி ஆகிவிட்டதா? இல்லை. வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இத்தனை வருடத்தில் கூடிய வேகமெல்லாம் கண்ணாடியின் இரண்டு முனைகளில் இருக்கும் பெட்டிகளால் வந்தது. ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்கள் கட்டடத்திலேயே இருக்கவும் கூடும் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

நான் மின்னணுவியல் படித்துவிட்டு, கடலூர் புதுச்சேரிப் பக்கம் கேபிள் இழுப்பது, ஒட்டுவது, அளப்பது என்று பல வருடம் வேலை பார்த்தவன். தெருவிலும் கட்டடத்துக்குள்ளும் நடப்பதைக் கைப்பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். கண்ணாடி ஆலை, ஆய்வகம் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் விடுதியை நான் பார்க்கவில்லை. அதனால் "உங்கள் கேபிள் நன்றாக இருக்கிறது" என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய மாட்டேன். எப்படி அளந்து பார்ப்பது என்று மட்டும் சொல்ல முடியும்.

கண்ணாடி ஏன் பழசாவதில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1966-இல் இங்கிலாந்தின் ஹார்லோவில் இருந்த எஸ்.டி.எல் ஆய்வகத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்ஹமும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய கண்ணாடி இழைகளில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 டெசிபெல் ஒளி இழப்பு. அதாவது நடைமுறையில் மறுமுனைக்கு ஒன்றுமே போய்ச் சேராது. இழப்புக்குக் காரணம் கண்ணாடி அல்ல, அதில் கலந்திருக்கும் அசுத்தம்தான், அதை நீக்கி 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தால் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மாரர், டொனால்டு கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபெலைத் தொட்டார்கள். 1979-இல் ஜப்பானின் என்.டி.டி ஆய்வாளர்கள் 0.2-க்கு வந்துவிட்டார்கள். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிச்சம். 0.2 என்றால் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி மிச்சம். காவோவுக்கு இதற்காக 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. (பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அந்தப் பரிசுக்கு உரியவர் என்று நம் ஊரில் பலருக்கு மனக்குறை உண்டு. கண்ணாடி இழைக் கட்டின் வழியே படத்தைக் கடத்திக் காட்டி 1954-இல் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை முன்னோடி வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் தொலைதூரத் தொடர்பு என்ற கணக்கைப் போட்டுக் காட்டியது காவோ.)

1979-இல் எட்டிய அந்த 0.2-க்குப் பக்கத்தில்தான் இன்று கடையில் வாங்கும் சாதாரண ஃபைபரும் இருக்கிறது. 2024-இல் ஜப்பானின் சுமிடோமோ எலெக்ட்ரிக் அறிவித்த சாதனை அளவு 0.1397. இத்தனை வருட உழைப்பில் அவ்வளவுதான் குறைக்க முடிந்தது. கண்ணாடியின் அணு அடுக்கிலேயே இருக்கும் ஒழுங்கின்மை ஒளியைச் சிதறடிக்கிறது, அதற்கும் கீழே அதிகம் போக இடமில்லை. இதை நம் ஊர்த் தூரத்தில் வைத்துப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். சாதாரண ஃபைபரில் 4.4 டெசிபெல் இழப்பு, உலக சாதனை ஃபைபரில் 3.1. வித்தியாசம் 1.3 டெசிபெல். பல ஆயிரம் கிலோமீட்டர் கடலுக்கடியில் போகும் கேபிளுக்கு இந்த மிச்சம் தங்கம். உங்கள் மாடிப்படியில் ஏறும் 60, 70 மீட்டர் கேபிளுக்கு அது கணக்கிலேயே வராது. அழுக்குப் பிடித்த ஒரு கனெக்டர் அதைவிடப் பல மடங்கு விழுங்கும்.

சரி, வேகம் எங்கிருந்து வந்தது? முனைகளிலிருந்து. ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறைக்கு 'பான்' என்று பெயர். வீட்டு இணைப்புகளில் இன்னும் பரவலாக இருக்கும் ஜி-பான் முறையில் கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25 ஜிகாபிட். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்களிடம் விற்க வந்தவர் சொல்லும் 10 ஜிகாபிட் என்பது எக்ஸ்.ஜி.எஸ்-பான். இரண்டும் வெவ்வேறு அலைநீளத்தில் ஓடுகின்றன. ஜி-பான் 1490 நானோமீட்டரில் இறங்கி 1310-இல் ஏறுகிறது. எக்ஸ்.ஜி.எஸ் 1577-இல் இறங்கி 1270-இல் ஏறுகிறது. இது தற்செயல் இல்லை. தெருவில் புதைத்த கண்ணாடியைத் தோண்டாமல், ஒரே இழையில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓட வேண்டும் என்றே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரத்தில் அலைநீளங்களைப் பிரித்து வைத்தார்கள். அடுத்து வரும் 50 ஜிகாபிட் பான் தரமும் இதே கண்ணாடியை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2024-இல் ஜப்பானின் என்.ஐ.சி.டி ஆய்வு நிறுவனம் கடையில் கிடைக்கும் சாதாரண ஒற்றை ஃபைபரில், 50 கிலோமீட்டர் தூரத்துக்கு, நொடிக்கு 402 டெராபிட் அனுப்பிக் காட்டியது. உங்களிடம் சொன்ன 10 ஜிகாபிட்டைப் போல நாற்பதாயிரம் மடங்கு. அந்தச் சோதனையில் புதுசு என்னவென்றால் ஒளி பெருக்கிகளும், அதிக அலைநீளப் பட்டைகளைப் பயன்படுத்திய விதமும்தான்.

இப்போது விதிவிலக்கு. ஃபைபரில் உண்மையாகவே மாறிய ஒன்று வளைவு தாங்கும் தன்மை. பழைய ஜி.652 ரக ஃபைபரை அளவுக்கு மேல் வளைத்தால் உள்ளே ஓடும் ஒளி வளைவின் வெளிப்பக்கமாகக் கசிந்துவிடும். சுமார் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே அதை மடக்கக் கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்வோம். 2007-இல் கார்னிங் 'கிளியர்கர்வ்' என்ற பெயரில் வளைவு தாங்கும் ஃபைபரை அறிமுகப்படுத்தியது. மற்றவர்களும் வந்தார்கள். இன்று ஜி.657 என்று ஒரு தரமே இருக்கிறது. அதில் ஏ1 ரகம் 10 மில்லிமீட்டர் ஆரம் வரை, ஏ2 ரகம் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அலைநீளம் கூடக் கூட வளைவில் கசிவும் கூடும். அதாவது மூலையில் ஆணி அடித்து இறுக்கி மடக்கிய ஒரு கேபிள் 1490-இல் ஜி-பானுக்கு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். அதையே 1577-இல் ஓடும் எக்ஸ்.ஜி.எஸ்-க்கு மாற்றினால் திடீரென்று ஒளி குறைந்து அடிக்கடி அறுந்து போகும். இதைத்தான் பலர் "பழைய ஃபைபரில் 10 ஜி போகாது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஃபைபர் பழையது என்பது காரணம் அல்ல, இழுத்தவர் மூலையில் மடக்கியதுதான் காரணம்.

நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் இது சகஜம். மின்சாரக் குழாயிலேயே ஃபைபரையும் திணித்து, எல்போவில் நசுக்கி, மிச்சக் கேபிளை உள்ளங்கை அளவு வளையமாகச் சுற்றிக் கம்பியால் கட்டி, மேலே பட்டி பூசி விடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. ஓ.டி.டி.ஆர் கருவி (ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டுவது) வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இழையையும் 1310-இலும் 1550-இலும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு அலைநீளத்திலும் இழப்பு ஒரே மாதிரி இருந்தால் அங்கே ஒட்டு சரியில்லை, அல்லது கனெக்டர் கெட்டிருக்கிறது. 1310-இல் ஒன்றும் தெரியாமல் 1550-இல் மட்டும் இறக்கம் தெரிந்தால் அங்கே கேபிள் மடங்கியிருக்கிறது. அந்த ஒரு மூலையை உடைத்து விடுவித்தால் போதும், மொத்தத்தையும் பிடுங்க வேண்டாம். உங்கள் கேபிள் நீளம் குறைவு என்பதால் கருவிக்கும் கேபிளுக்கும் இடையில் ஒரு நீளச் சுருள் ஃபைபரை வைத்து அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் சில மீட்டர் தெரியாது. அளக்கும்போது லைன் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓடும் லைனில் அளப்பதற்கு 1625 அல்லது 1650-இல் வேலை செய்யும் தனி வகைக் கருவி வேண்டும். ஓ.டி.டி.ஆர் கிடைக்கவில்லை என்றால் பவர் மீட்டராவது வையுங்கள். ஜி-பான் பெட்டிக்கு வரும் ஒளி மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டி.பி.எம்-க்கும் (மீட்டரில் தெரியும் ஒளி அளவு) இடையில் இருக்க வேண்டும். நான் மைனஸ் 24-ஐத் தாண்டி 25, 26 என்று இறங்கினாலே ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அப்புறம், கேபிள் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் அச்சடித்திருக்கும்: தயாரித்தவர் பெயர், மாதம், வருடம், இழைகளின் எண்ணிக்கை, ரகம். அதில் ஜி.652டி அல்லது ஜி.657 என்று இருந்தால் நிம்மதி. உள்ளே ஓடும் சின்ன ஒயர் ஆரஞ்சு அல்லது நீலப்பச்சை நிறத்தில் இருந்தால் அது மல்டிமோடாக (நடுப்பகுதி அகலமான, குறுகிய தூரத்துக்கான வேறு ரகம்) இருக்கலாம். கேமரா மாட்டுகிறவர்கள் அப்படி ஒன்றை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். மல்டிமோடில் பான் இணைப்பு ஓடாது. அப்படியானால் விற்பனையாளர் சொன்னது சரி, மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடிக்கு வயதாவதில்லை என்றேன், அதைச் சுற்றியிருப்பதற்கு ஆகும். கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் உங்கள் பகுதியில் எனக்குக் கவலை தருவது தெருக் கம்பத்திலிருந்து உங்கள் மாடிக்கு வரும் ட்ராப் கேபிள்தான். அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி இருக்கும். உறையில் கீறல் விழுந்ததும் உப்புக் காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து வீங்கும், உறை வெடிக்கும், பிறகு மழைத் தண்ணீர். கண்ணாடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஈரத்தில் மெல்ல வளர்ந்து, இழுவையில் இருக்கும் இழை ஒருநாள் பட்டென்று அறும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது கம்பங்களோடு சேர்ந்து கேபிளும் படுத்துவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது தொல்லை வேறு மாதிரி: காற்றைவிட மழை. தரையில் இருந்த ஜாயின்ட் பெட்டிகளுக்குள் தண்ணீர் நின்றுவிட்டது, சில இணைப்புகள் உடனே போகாமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டன. நாலுவழிச் சாலை வேலையில் ஜே.சி.பி தோண்டியெடுத்த கேபிளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம். ஆகவே மாற்றுவதென்றால் வெளியே தொங்கும் அந்தத் துண்டை மாற்றுங்கள். எஃகுக்குப் பதில் கண்ணாடிநார்க் கம்பி வைத்த, உலோகமே இல்லாத ரகம் கேளுங்கள். துருவும் பிடிக்காது, இடி மின்னலுக்கும் நல்லது.

ஹாலோ கோருக்கு வருகிறேன். இது விளம்பரப் பேச்சு இல்லை, காவோவுக்குப் பிறகு ஃபைபரில் நடந்த பெரிய மாற்றம் என்றே நினைக்கிறேன். ஒளி கண்ணாடிக்குள் போகாமல், நடுவில் விட்ட காற்று வழியில் போகிறது. சுற்றிலும் மிக மெல்லிய சுவருள்ள கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்குள் குழாயாக. அந்தச் சுவர்களின் கனத்தைத் துல்லியமாக வைத்தால் ஒளி அவற்றுக்குள் நுழைய முடியாமல் நடுவிலேயே தங்கிவிடுகிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். காற்றில் 3 லட்சம். ஆக, போய்ச்சேரும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நீண்ட நாள் குறையாக இருந்தது இழப்பு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2025-இல் கிலோமீட்டருக்கு 0.091 டெசிபெல் என்ற அளவை வெளியிட்டது. கண்ணாடிக்குள் ஒளி போகும் எந்த ஃபைபரும் தொடாத அளவு. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த லுமெனிசிட்டி என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022 டிசம்பரிலேயே வாங்கிவிட்டது. 2024 நவம்பரில், இரண்டு வருடத்துக்குள் 15,000 கிலோமீட்டர் ஹாலோ கோர் போடப் போவதாக அறிவித்தது. 2025-இல் பெருமளவு உற்பத்திக்காக கார்னிங்கையும் ஜெர்மனியின் ஹெரேயஸையும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் இது யாருக்கு? புதுச்சேரியிலிருந்து சென்னைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். கண்ணாடியில் ஒரு வழிக்கு 0.75 மில்லிநொடி, ஹாலோ கோரில் 0.5. மிச்சம் கால் மில்லிநொடி. உங்கள் விருந்தினரின் கைப்பேசிக்கும் வராந்தாவில் தொங்கும் வைஃபை பெட்டிக்கும் இடையிலேயே அதைவிடப் பல மடங்கு நேரம் போகிறது. அந்தக் கால் மில்லிநொடிக்குக் காசு கொடுப்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, பங்குச் சந்தையில் கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்கி விற்பவர்கள். இன்னொன்று, செயற்கை நுண்ணறிவுக்காகப் பல கட்டடங்களில் பரவிய கணினிகளை ஒரே கணினி போல ஓட்ட நினைக்கும் டேட்டா சென்டர்கள். மேலும் ஹாலோ கோரைச் சாதாரண ஃபைபருடன் ஒட்டுவதும், முனைக்குள் ஈரம் போகாமல் காப்பதும் தனி வித்தை. நம் ஊர் ஸ்ப்ளைசிங் ஆள் மரத்தடியில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல. வீடுகளுக்கு இது எப்போதாவது வருமா என்றால், என் கணிப்பில் பத்து வருடத்துக்குள் வராது. கணிப்புதான், உறுதி இல்லை. காத்திருக்க வேண்டாம் என்பது மட்டும் உறுதி.

ஒரே இழைக்குள் பல ஒளிப்பாதை வைக்கும் மல்டிகோர் ஃபைபரும் இதே கதைதான். 2025-இல் என்.ஐ.சி.டியும் சுமிடோமோவும், வழக்கமான 0.125 மில்லிமீட்டர் தடிமனுக்குள் 19 பாதை வைத்து, 1,808 கிலோமீட்டருக்கு நொடிக்கு 1 பெட்டாபிட்டுக்கு மேல் அனுப்பினார்கள். அது ஆய்வகச் சாதனை. நிஜத்தில் இறங்கியிருப்பது இரண்டு பாதை உள்ள ரகம். தைவான், பிலிப்பைன்ஸ், அமெரிக்காவை இணைக்கும் கடல் கேபிளில் அதைப் பயன்படுத்தப் போவதாக கூகுளும் என்.இ.சியும் 2023-இல் அறிவித்தன. கடல் கேபிளில் இழைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் அங்கே பலன் உண்டு. டேட்டா சென்டர்களில் வேறு வழி பிடித்திருக்கிறார்கள்: இழையின் மேல்பூச்சை 250 மைக்ரானிலிருந்து 200-க்குக் குறைத்து, ஒரே கேபிளில் 3,456, 6,912 இழைகள் வரை திணிக்கிறார்கள்.

கம்பெனிகள். இங்கே ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்: கேபிள் செய்வது வேறு, ஃபைபர் இழுப்பது வேறு, கண்ணாடிக் கட்டை செய்வது வேறு. சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை எரித்து, அதிலிருந்து விழும் தூய சிலிக்காப் பொடியைக் கட்டையாக்குவார்கள். அதற்குப் பெயர் ப்ரீஃபார்ம். அதைக் கோபுரத்தின் உச்சியில் தொங்கவிட்டு 2,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், கம்பிப் பதத்துக்கு வந்த பாகு போல இழையாக இறங்கும். கட்டையின் நடுவில் எந்தக் கலவை இருந்ததோ அதே விகிதம் முடி அளவு இழையிலும் இருக்கும். பணமும் வித்தையும் கட்டையில்தான் இருக்கிறது. இழைகளை வாங்கி உறை போட்டுக் கேபிளாக்குவதைப் பலரால் செய்ய முடியும். கட்டை செய்வதற்கு உலகில் கைவிட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். கட்டை செய்யும் முறைகளே கம்பெனிக்கு ஒன்றாகப் பிறந்தவை. கார்னிங் வெளியிலிருந்து பொடி படிய வைத்தது, பெல் ஆய்வகம் குழாயின் உள்பக்கம் படிய வைத்தது, என்.டி.டியும் ஜப்பானியக் கம்பெனிகளும் கட்டையின் நுனியிலிருந்து வளர்த்தார்கள். காப்புரிமைச் சண்டையும் நடந்தது. கார்னிங் சுமிடோமோ மீது போட்ட வழக்கில் 1989-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கார்னிங் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்று பெரிய பெயர்கள் என்றால் அமெரிக்காவின் கார்னிங், ட்ராக்காவையும் ஜெனரல் கேபிளையும் வாங்கிப் பெருத்த இத்தாலியின் பிரிஸ்மியன், ஜப்பானின் சுமிடோமோ, ஃபுஜிகுரா, ஃபுருகாவா (பெல் ஆய்வகத்தின் ஃபைபர் தொழில் 2001-இல் ஃபுருகாவாவிடம் போய் ஓ.எஃப்.எஸ் என்ற பெயரில் இருந்தது, 2025-இல் லைடெரா என்று மாறியது), சீனாவின் ஒய்.ஓ.எஃப்.சி, ஹெங்டாங், ஃபைபர்ஹோம். எல்லாம் சீனாவா என்று கேட்டீர்கள். அளவில் சீனாதான் மலை, மறுக்க முடியாது. இழையின் நடுப்பகுதியில் சேர்க்கும் ஜெர்மேனியத்துக்கும் உலகம் சீனாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அதன் ஏற்றுமதிக்கு அங்கே உரிமம் வேண்டும் என்றாகிவிட்டது. அதே மாதம் சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவிலிருந்து வரும் ஃபைபருக்கு இந்தியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. ஆனால் இந்தியா வெறும் உறை போடும் நாடு அல்ல. ஸ்டெர்லைட் டெக்னாலஜிஸ் மகாராஷ்டிரத்தில் கண்ணாடிக் கட்டையிலிருந்தே செய்கிறது. 2022-இல் நான்கு பாதை மல்டிகோர் ஃபைபரையும் காட்டியது. சுருக்கமாக எஸ்.டி.எல் என்று போடுகிறார்கள். காவோவின் எஸ்.டி.எல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இணையத்தில் தேடும்போது குழம்பாதீர்கள். எச்.எஃப்.சி.எல் ஹைதராபாத்தில் ஃபைபர் இழுக்கிறது. கிண்டியில் ஒரு காலத்தில் அரசின் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸாக இருந்து இப்போது எச்.டி.எல் என்று கேபிள் செய்யும் நிறுவனமும் அதன் கையில். ஃபினோலெக்ஸ், பிர்லா கேபிள், விந்தியா டெலிலிங்க்ஸ் கேபிள்களும் நம் தெருக்களில் ஓடுகின்றன. தரத்தில் இவற்றுக்குள் ஒரு விடுதி உரிமையாளர் கவலைப்படும் அளவுக்கு வித்தியாசத்தை நான் அளவீட்டில் பார்த்ததில்லை. பெயரே அச்சடிக்காத ட்ராப் கேபிள் சுருள் சந்தையில் கிடைக்கிறது பாருங்கள், அதை மட்டும் தொடாதீர்கள்.

கடைசியாக உங்கள் கொட்டேஷன். 10 ஜிகாபிட் உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் யோசியுங்கள். மூன்று மாடி விடுதியில் விருந்தினர் புகார் சொல்வது பெரும்பாலும் வைஃபையைத்தான், வெளியிலிருந்து வரும் லைனை அல்ல. பழைய தடித்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் எந்தப் பெட்டியும் திணறும். மாடிக்கு இரண்டு வைஃபை பெட்டி, அவற்றுக்கு கேட்-6 ஒயர் என்று செலவழித்தால் வித்தியாசம் அன்றே தெரியும். சுவரை உடைக்க முடியாத அறைகளுக்கு, சுவரோரம் ஒட்டிவிடுகிற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஃபைபர் இப்போது கிடைக்கிறது. வளைவு தாங்கும் ரகத்தின் உண்மையான பலன் அதுதான். விற்க வந்தவரிடம் மூன்றே விஷயம் எழுத்தில் கேளுங்கள்: இப்போதைய ஒவ்வொரு இழையின் 1310, 1550 அளவீடு, மாற்றியபின் தரப்போகும் அளவீடு, போடப்போகும் கேபிளின் பெயரும் ரகமும். முதலாவதைக் கொடுக்காமல் மாற்றியே ஆக வேண்டும் என்று நின்றால் வேறு ஆளைப் பாருங்கள். அளந்து, மடங்கிய இடத்தைக் காட்டினால், அந்தத் துண்டை மட்டும் ஜி.657ஏ2-வில் நான்கு இழைக் கேபிளாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு இழைக்கும் நான்கு இழைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சுவர் உடைக்கும் அன்றே, பிறகு வேறு கேபிள் இழுக்க உதவும்படி, குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள்.